நல்ல நினைவுடன் தின்ற போண்டா

நேமிராஜ நயினாருக்கு நினைவு தப்பிவிட்டது என்பது செஞ்சியில் எல்லோருக்கும் தெரியும், அவர் பெற்ற பிள்ளை ஆதிநாதன் ஒருவனைத் தவிர. ஆதிநாதனுக்கு வேர்க்கடலை வியாபாரம், எங்கள் பக்கத்தில் மணிலாக்கொட்டை, மல்லாட்டை என்போம். மூட்டையைத் தட்டிப் பார்த்தே உள்ளே சொத்தை எவ்வளவு, மண் எவ்வளவு என்று சொல்லிவிடக்கூடிய ஆள். அப்பேர்ப்பட்டவனுக்குத் தகப்பன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, வேட்டியைத் தலையில் சுற்றிக்கொண்டு தெருவில் நிற்பது கண்ணில் படவில்லை. “எங்க நைனா கல்லு மாதிரி இருக்காரு” என்று கடைவீதியில் சொல்லிக்கொண்டு திரிந்தான். கல்லும் அப்படித்தான், கேட்டால் பதில் சொல்லாது, எடுத்து வைத்த இடத்தில் இருக்கும் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். சிரித்ததோடு சரி. அவன் முகத்துக்கு நேரே சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. எங்களில் பாதிப்பேர் அவனிடம்தான் கொட்டை போடுகிறோம்.

நயினார் நன்றாக இருந்த காலத்தில் அவர் முன்னால் நிற்கவே எங்களுக்குப் பயம். ஜைனர் வீட்டில் பொழுதோடு சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், இருட்டின பிறகு வாயில் சோறு வைக்கக்கூடாது. எல்லா ஊரிலும் இதுதான் வழக்கம் என்றாலும் செஞ்சியில் ஒரு தகராறு உண்டு. ஊருக்கு மேற்கே ராஜகிரி நிற்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கின பிறகும் வானத்தில் நல்ல வெளிச்சம் இருக்கும். மலை மறைத்தால் அது அஸ்தமனமா இல்லையா என்று எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இரண்டு கட்சி. நேமிராஜ நயினார் மலைக் கட்சி. மறைந்தால் மறைந்ததுதான், கையைக் கழுவு. ஒரு கல்யாணத்தில் சம்பந்தி வீட்டார் கடைசிப் பந்தியில் உட்கார்ந்து பாயசத்துக்கு இலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “எறங்கிட்டுது, எழுந்திருங்க” என்று பந்தியையே எழுப்பிவிட்டவர். விரதத்தில் விலக்கான கிழங்கு வகை எதுவும் அவர் வீட்டு வாசற்படி ஏறினதில்லை. அவர் தெருவில் வந்தால் உருளைக்கிழங்கு வாங்கி வருகிறவன் பையை முதுகுக்குப் பின்னால் மறைப்பான்.

அந்த மனிதருக்குத்தான் எழுபத்தைந்து வயதுக்கு மேல் ஒவ்வொன்றாக மறந்து போயிற்று. முதலில் பேர்கள், அப்புறம் ஆட்கள், கடைசியில் சாப்பிட்டதே மறந்தது. சாயங்காலம் வயிறாரச் சாப்பிட்டுக் கை கழுவுவார். விளக்கு வைத்துக் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், “அம்மா, பசிக்குது” என்று ஆரம்பிப்பார்.

அம்மா என்றது மகள் ஜெயமாலாவை. புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்கே திரும்பிவந்தவள். பிள்ளைகுட்டி இல்லை. ஒரு பசுமாடும் அந்த ஓட்டு வீடும் அந்தக் கிழவரும்தான் அவள் உலகம். முதல் சில நாள், “இப்பத்தான சாப்ட்டீங்க நைனா” என்று சொல்லிப் பார்த்தாள். அவர் குழந்தை மாதிரி அழுதார். பசிக்காகக்கூட இல்லை, பெற்றவளே சோறு இல்லை என்கிறாளே என்று அழுதார். ஒருநாள் அவளால் தாங்க முடியவில்லை. கதவைச் சாத்தி, விளக்கைத் தணித்து, ஒரு பிடி தயிர்சோறு பிசைந்து கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனார். அன்றிலிருந்து தினமும் அதுதான். தெருவில் யாருக்கும் தெரியாது. பந்தியை எழுப்பிவிட்ட நேமிராஜ நயினார் ராத்திரியில் சோறு தின்கிறார் என்று வெளியே தெரிந்தால் அவர் மானம் போய்விடும் என்று அவளுக்குப் பயம். அவருக்கு மானம் என்றால் என்னவென்றே மறந்துபோயிருந்தது. ஆகவே அதையும் அவளே பாதுகாத்தாள்.

அறுபத்து மூன்றாம் வருஷம் தை மாதம் ஆதிநாதன் தங்கை இருந்த அப்பா வீட்டுக்கு வாழைப்பழத்தோடு வந்தான்.

“அவலூர்பேட்ட சித்தப்பா வூட்டுல பேரனுக்குக் காது குத்தறாங்க. நீ ஒரு ரெண்டு நாளு போய் இருந்துட்டு வாம்மா. எப்பப் பாரு வூட்டுலயே கெடக்கற. நைனாவ நா பாத்துக்கறேன்.”

பிறந்ததிலிருந்து அண்ணன் இப்படி ஒரு வார்த்தை சொல்லி அவள் கேட்டதில்லை. சந்தேகப்பட்டிருக்க வேண்டியவள் கண்கலங்கினாள். அண்ணனுக்கு நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளிடமெல்லாம் சொல்லிக்கொண்டே அவலூர்பேட்டை போய்ச் சேர்ந்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே ஈரம் காரியத்தில் இறங்கியது. பெரியவரால் நடக்க முடியவில்லை என்று மனுப் போட்டு, ரிஜிஸ்டர் ஆபீசரை வீட்டுக்கே வரவழைத்தான். பத்திரம் எழுதும் வீராசாமி முன்கூட்டியே எழுதி வைத்திருந்ததைப் படித்தான். நேமிராஜ நயினாராகிய நான், என் நல்ல நினைவுடனும், சுய புத்தியுடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றியும், என் குமாரன் ஆதிநாதன் பேரில் எனக்குள்ள பிரியத்தினால், வீடு, கிணற்றுடன் கூடிய நஞ்சை, இரண்டையும் அவனுக்கே செட்டில்மென்ட் செய்து கொடுத்தேன். ஆபீசர் கேட்க வேண்டியதைக் கேட்டார். பெரியவர் தலையாட்டினார். அப்போதெல்லாம் அவர் எதற்கும் தலையாட்டுவார், காக்கா கத்தினாலும் ஆட்டுவார்.

ஜெயமாலாவுக்கு விஷயம் தெரிந்தது ஆடி மாதத்தில். அறுவடைக்கு முன்னால் கொட்டை போட்டு வைக்கக் குடோன் வேண்டுமென்று, ஆதிநாதன் மேஸ்திரியோடு வந்து கூடத்தை நாடா பிடித்து அளந்தான்.

“இன்னா அண்ணா அளக்கற?”

“செவுத்த இடிச்சுட்டா எரநூறு மூட்ட புடிக்கும். நைனா எனக்குத்தான் எழுதிக் குடுத்துட்டாரே, தெரியாதா ஒனக்கு?”

“எப்ப எழுதினாரு? அவருக்கு எம் பேரே தெரியல.”

“ஒம் பேரு தெரியல. எம் பேரு தெரிஞ்சுதில்ல, பத்திரத்துல போட்டிருக்குதே.” மேஸ்திரி எதிரில் அவன் சிரித்தான். “நீ ஒண்ணும் கவலப்படாத. ஒனக்கு மாட்டுக்கொட்டாய் இருக்குது, மேல ஓலைய மாத்திக் குடுத்துடறேன். நைனாவ எங்க வூட்டண்ட இருக்கற நம்ம மில்லுக்குக் கூட்டிக்கினு போறேன். பின்னால ரூம் ஒண்ணு காலியா இருக்குது.”

மில்லுக்குப் பின்னால் இருக்கிற அறை எங்களுக்குத் தெரியும். பழைய சாக்கு போட்டு வைக்கிற இடம், வெளியிலிருந்துதான் தாழ்ப்பாள். ஜெயமாலாவுக்கு வீடு போவது ஒரு பக்கம். ஆனால் அவள் நினைத்தது வேறு. அங்கே போனால் ராத்திரி இவர் அழுவார், அண்ணி எழுந்து சோறு போடுவாளா? கதவைத் தட்டித் தட்டி அழுது, தட்ட முடியாமல் போன அன்றைக்கு நிறுத்துவார். இந்த வீடு இருந்தால்தான் நைனாவுக்கு ராத்திரிச் சோறு. அந்த ஒரு எண்ணத்தோடு பசுவை விற்றுவிட்டுத் திண்டிவனம் போனாள்.

திண்டிவனத்தில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் அரங்கநாதன் கெட்டிக்காரர், ஆனால் பொறுமை இல்லாதவர். பெரியவர் சார்பில் மகள் கார்டியனாக நின்று பத்திரத்தை ரத்து செய்யச் சொல்லிக் கேஸ் போட்டார். போட்டுவிட்டு, சாட்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்.

“ஆளு அடையாளம் தெரியலைங்க. என்ன அம்மான்னு கூப்புடறாரு. வேட்டிய தலையில கட்டிக்கறாரு. செருப்ப அரிசிப் பானைக்குள்ள வெச்சுடறாரு.”

“இதெல்லாம் வயசும்மா. கேஸ் கேக்கற முன்சீப் வீட்டுலயே ஒரு கிழவர் இருக்கார், இதுக்கு மேல பண்றார். கோர்ட்டுல நிக்காது. அந்த மனுஷன் வாழ்நாள் பூரா உயிரா நினைச்ச ஒண்ணு இருக்குமே, அதையே தலைகீழா பண்ணியிருக்கணும். அப்படி ஏதாவது சொல்லு.”

அப்படி ஒன்று இருந்தது. தினமும் விளக்கைத் தணித்து அவளே பிசைந்து கொடுக்கிற ஒன்று. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள்.

“வேற ஒண்ணும் இல்லைங்க.”

“அப்ப வீடு போச்சுன்னு வெச்சுக்கோ” என்று வக்கீல் அடுத்த கட்டை எடுத்தார். இதெல்லாம் பின்னால் அவளே சொன்னது. நானாக இருந்தால் சொல்லித் தொலைத்திருப்பேன். அவளுக்கு வீடும் வேண்டும், அப்பாவின் பேரும் வேண்டும், கோர்ட்டோ இரண்டில் ஒன்றைத்தான் தருவேன் என்றது.

கேஸ் சாட்சிக்கு வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. இதற்குள் ஆதிநாதன் தன் மகள் விஜயாவுக்குத் தொண்டூரில் பெரிய இடம் பார்த்துவிட்டான். தொண்டூர் ஜினேந்திர நயினார் சாமானியர் இல்லை. எங்கள் சுற்றுவட்டார ஜைனருக்கு அவர் சொன்னதுதான் வார்த்தை. ராத்திரியில் தண்ணீர்கூடத் தொடமாட்டார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது கோர்ட்டில் வாய்தா வந்தது. ஆதிநாதன் அங்கேதான் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினான். ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் தன் பக்கம் என்று முன்சீப் கண்ணால் பார்க்கட்டும் என்று ஒரு வேன் பிடித்து, சம்பந்தி உட்பட எங்களைத் திண்டிவனத்துக்கு ஏற்றிக்கொண்டு போனான். வழியில் எல்லோருக்கும் இளநீர். நாங்கள் அங்கவஸ்திரத்தோடு கோர்ட்டில் இரண்டு பெஞ்சை நிறைத்து உட்கார்ந்தோம். பார்த்தால் கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

ஜெயமாலா பெரியவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விட்டுவிட்டு வர ஆள் இல்லை. எங்களைப் பார்த்து எழுந்து நின்று கும்பிட்டாள். எங்களில் சிலர் கூரையைப் பார்த்தோம். கோர்ட்டுக் கூரையில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை.

முதலில் வீராசாமியைக் கூண்டில் ஏற்றினார்கள். இருபது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன், கோர்ட்டு பழகினவன், பயமே இல்லை. நெற்றி நிறைய விபூதி. பெரியவர் தெளிவாக இருந்தார், படித்ததைக் கேட்டார், புரிந்துகொண்டார் என்று சொல்லி முடித்தான். அரங்கநாதன் சோம்பலாக எழுந்தார். அவர் கையில் ஒன்றுமில்லை என்பது எங்களுக்கே தெரிந்தது.

“தெளிவா இருந்தார்ங்கறீர். எத வெச்சு சொல்றீர்?”

வீராசாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவனவன் வேலையை அவனவன் ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனால் கேஸ் ஜெயித்திருக்கும். அவன் சன்மானம் வாங்கினதற்கு மேலேயே உழைத்தான்.

“எல்லாத்தையும் வெச்சுதாங்க. கையெழுத்து போடுங்கன்னா, ‘மொதல்ல சோறு போடு’ன்னாரு. புடிச்சா ஒரே புடி. போட மாட்டேன்னுட்டாரு. அப்பறம் ஆதிநாதன் ஆள அனுப்பி ஓட்டல்லேர்ந்து சூடா உருளக்கெழங்கு போண்டா வாங்கியாந்தாரு. பெரியவரு ரெண்டு தின்னாரு. சட்னிய தொட்டுத் தொட்டுத் தின்னாரு. இன்னொண்ணு குடுன்னாரு. அதையும் தின்னுட்டுதான் பேனாவ வாங்கினாரு. புத்தி இல்லாதவனுக்கு ருசி தெரியுங்களா? நானே ரெண்டு தின்னேன், நல்லாத்தான் இருந்துது.”

 பெஞ்சில் யாரோ, “உருளக்கெழங்கா?” என்றார்கள். ஜினேந்திர நயினார் காதில் கை வைத்துக்கொண்டார். ஒரு கிழவரை ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கினது இந்தப் பெஞ்சுகளை ஒன்றரை வருஷமாக ஒரு அங்குலம் அசைக்கவில்லை. போண்டா அசைத்துவிட்டது.

அரங்கநாதன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் ஜைனர் இல்லை. ஆனால் திண்டிவனத்தில் இருக்கிறவருக்கு எங்களைப் பற்றித் தெரியாமல் இருக்குமா? அவர் முதுகு நிமிர்ந்தது.

“அப்ப எத்தனை மணி இருக்கும்?”

“மணி பாக்கலைங்க. இருட்டிப் போச்சு. அன்னிக்கிப் பாத்து கரண்ட்டும் இல்ல. பெட்ரோமாக்ஸ் வெச்சுதான் பத்திரமே படிச்சேன்.”

“போலாம்” என்று வீராசாமியை இறக்கிவிட்டார் வக்கீல். அந்த ஒரு வார்த்தையை அவ்வளவு பிரியமாக அவர் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்.

ஜெயமாலா எழுந்து வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். “ஐயா, அத விட்டுடுங்க. சாப்பாட்டுப் பேச்சு வாணாம்” என்று அவள் கெஞ்சினது எங்களுக்குக் கேட்டது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியாக ஆதிநாதன் ஏறினான். முகம் ஏற்கனவே வெளுத்திருந்தது.

“உங்க அப்பா சாப்பிடும்போது இருட்டா, வெளிச்சமா?”

“வெளிச்சங்க. சூரியன் மலைக்குப் பின்னாலதான் போயிருந்துது. அது அஸ்தமனம் இல்லைங்க.”

“வெளிச்சத்துல பெட்ரோமாக்ஸ் எதுக்கு?”

 வாழ்நாள் முழுக்க அப்பா பேசின கட்சிக்கு எதிர்க்கட்சியில் சேர்ந்தும் பலிக்கவில்லை.

“சரி, ஒரே கேள்வி. உங்க அப்பா ஜைனர். பெரிய விரதக்காரர்னு உங்க ஊர்க்காரர்களே இத்தனை பேர் வந்திருக்கா. அவர் இருட்டுல, விளக்கு வெச்சு, கிழங்கு போண்டா சாப்பிட்டார். தெரிஞ்சு சாப்பிட்டாரா, தெரியாம சாப்பிட்டாரா?”

முன்சீப்பே பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

தெரியாமல் என்று சொன்னால் வீடும் நிலமும் அந்த நிமிஷமே போயிற்று. போண்டா இன்னதென்று தெரியாதவருக்குப் பத்திரம் தெரியுமா? தெரிந்து என்று சொன்னால் நேமிராஜ நயினார் அத்தனை வருஷம் பிடித்த விரதத்தை நாக்குக்காக விட்டவர், வேஷதாரி. அப்படிப்பட்ட வீட்டில் தொண்டூர்க்காரர் பெண் எடுப்பாரா? ஆதிநாதன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். சம்பந்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் மனசு கணக்குப் போட்டது எங்களுக்கு நெற்றியிலேயே தெரிந்தது. சம்பந்தத்தைக் கெஞ்சிக் கூத்தாடிச் சரிக்கட்டிக்கொள்ளலாம், கிணற்று நஞ்சையை அப்படி முடியாது.

“தெரிஞ்சுதான் சாப்ட்டாரு” என்றான். அதோடு நிறுத்தியிருக்கலாம். “வயசான காலத்துல நாக்கு கேக்குதுங்க அவருக்கு. வாணாம் நைனான்னு நா எவ்வளவோ சொன்னேன். கேக்கல. விரதமெல்லாம் ஊருக்குத்தான்னாரு.”

கூண்டில் நின்று பெற்ற தகப்பனைப் பற்றி ஒருவன் இப்படிப் பேசுவான் என்று நான் நினைக்கவில்லை.  அவரோ ஓரத்தில் உட்கார்ந்து துண்டின் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“பொய்யி!”

ஜெயமாலா எழுந்து நின்றாள். டவாலிச் சேவகன் அதட்டினான். அவள் உட்காரவில்லை.

“எங்க நைனா அப்டி சொல்ல மாட்டாரு. அவரு தெரிஞ்சு தின்னல. அவருக்கு ராத்திரியும் தெரியாது, பகலும் தெரியாது. போண்டாவும் தெரியாது, விரதமும் தெரியாது. சாப்ட்டது தெரியாம சாப்பாடு கேட்டு அழுவுறாரு. மூணு வருசமா நாதான் கதவச் சாத்திக்கினு ராத்திரில சோறு போடறேன். எம் பாவம் அது, அவரு பாவம் இல்ல. அவரு விரதத்த அவரு விடல. அவரே இல்லையே, யாரு விடறது?”

வீட்டுக்காக வாயைத் திறக்காதவள் அப்பா பேருக்காகத் திறந்தாள். அந்தப் பேரைக் காப்பாற்றவும் வேறு வழி அவளுக்கு மிஞ்சவில்லை, அவருக்குப் புத்தி இல்லை என்று உரக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அரங்கநாதன் அவளைக் கூண்டில் ஏற்றி, சொன்னதையே சத்தியத்தின் பேரில் மறுபடி சொல்ல வைத்தார்.

முன்சீப் பெரியவரை மேஜைக்குப் பக்கத்தில் கூட்டிவரச் சொன்னார். நல்ல மனுஷர், குரலைத் தணித்துத்தான் பேசினார்.

“பெரியவரே, இவர் யாரு தெரியுதா?” என்று ஆதிநாதனைக் காட்டினார்.

நயினார் மகனை ஏற இறங்கப் பார்த்தார். “மல்லாட்ட வாங்க வந்தவரா? இன்னும் காயலியே. ரெண்டு வெயிலு போவட்டும்.”

“இந்த அம்மா யாரு?”

“எங்க அம்மா.” உடனே வந்தது பதில். அதோடு அவருக்கு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கொஞ்சம் கூச்சம்போல, மகள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் போய் நின்றார்.

பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நயினார் இருக்கும்வரை அவரையும் சொத்தையும் பார்த்துக்கொள்ள ஜெயமாலாவே கார்டியன். ஆதிநாதன் அப்பீல் போகப் போவதாகச் சொன்னான். ஆனால் அவனுக்கு அதைவிட அவசரமான கேஸ் ஒன்று இருந்தது. ஜினேந்திர நயினார் நிச்சயதார்த்தத்தை நிறுத்திவைத்திருந்தார். நேமிராஜ நயினார் வீட்டுக் குற்றம் தீராமல் பெண் எடுக்க முடியாது என்றுவிட்டார். எனவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜினாலயத்து முன் மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். முன்சீப்புக்கு அடுத்த கோர்ட்டு நாங்கள்தான்.

முன்சீப் அளவுக்கு எங்களுக்குச் சிரமம் இருக்கவில்லை. ஆதிநாதன் அபிஷேகம் செய்துவைப்பதாகவும், கோயிலுக்கு வெண்கலக் குத்துவிளக்கு ஒரு ஜோடி தருவதாகவும் ஒப்புக்கொண்டான். கோர்ட்டில் பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்றான். போண்டா வாங்கிக் கொடுத்த குற்றமும் அப்பாவைப் பழித்த குற்றமும் விளக்கு வெளிச்சத்தில் கரைந்துபோயின. வீட்டை எழுதி வாங்கினதைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. அது சர்க்கார் விஷயம். பெரியவரைப் பொறுத்தவரை, அறியாமல் செய்தவருக்குத் தோஷம் இல்லை என்று ஜினேந்திர நயினார் பெருந்தன்மையாகச் சொன்னார். பெரியவர் தூணில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“ஆனா ஒண்ணு” என்றார் ஜினேந்திர நயினார். “தின்னவருக்குத் தெரியாது. போட்ட கைக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சே மூணு வருசம் இருட்டுல சோறு போட்டிருக்குது ஒரு பொம்பள. அதுக்கு இன்னா சொல்றீங்க?”

நாங்கள் தலையை ஆட்டினோம். அது நியாயமாகத்தான் பட்டது. இத்தனை பேர் கூடி ஒருவர் தலையிலாவது கட்டாமல் எழுந்து போக முடியுமா? ஜெயமாலா எட்டு நாள் உபவாசம் இருக்க வேண்டும், இனிமேல் பொழுது சாய்ந்த பிறகு சோறு போடுவதில்லை என்று பகவான் சன்னிதியில் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று.

அவள் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கோர்ட்டில் அழுத மாதிரி இங்கே அழவில்லை.

“உபவாசம் இருக்கறேன் மாமா” என்றாள் ஜினேந்திர நயினாரிடம். “எட்டு நாளு இன்னா, ஒரு மாசங்கூட இருக்கறேன். ராத்திரி சோறு போடறதயும் நிறுத்திடறேன். ஒரே ஒரு ராத்திரி நைனாவ உங்க வூட்டுக்குக் கூட்டிக்கினு போங்க. பசிக்குதுன்னு அழுவாரு. சோறு போடாம அவர தூங்க வெச்சுட்டு, எப்டி தூங்க வெச்சீங்கன்னு காலைல வந்து சொல்லுங்க. அதே மாதிரி நானும் செய்யறேன்.”

ஜினேந்திர நயினார் தொண்டையைக் கனைத்தார். தொண்டூருக்கு இந்நேரத்தில் வண்டி இல்லை என்றார். அவர் வந்த வில்வண்டி வாசலில் நின்றது. அவருக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவருக்கு வீட்டில் உடம்பு சரியில்லை. அதற்கடுத்தவர் வீட்டில் வெள்ளையடிக்கிறார்கள். ஆதிநாதன் குத்துவிளக்கு எந்த உயரத்தில் வேண்டும் என்று அர்ச்சகரிடம் மும்முரமாக விசாரித்துக்கொண்டிருந்தான். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். என்னிடம் வந்தபோது நான் செருப்பைத் தேடினேன்.

“சரி, பொழுது போவுது. வூட்டுல சாப்பாடு காத்துக்கினு இருக்கும். மிச்சத்த அப்பறம் பேசிக்கலாம்” என்று ஜினேந்திர நயினார் எழுந்தார். அப்போதுதான் எங்களுக்கும் உறைத்தது. இருட்டுவதற்குள் போய் வயிற்றில் எதையாவது போட வேண்டும், இல்லையென்றால் விடியும்வரை பட்டினிதான். தீர்ப்பு சொன்ன வாய்களுக்கெல்லாம் ஒரே நேரத்தில் பசித்தது. துண்டை உதறிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் இடித்துக்கொண்டு வாசலுக்கு விரைந்தோம்.

அந்தச் சந்தடியில் பெரியவர் விழித்துக்கொண்டார். இத்தனை பேர் எழுந்து போவதைப் பார்த்ததும் அவருக்கு என்ன தோன்றிற்றோ, தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து கை கூப்பினார்.

“இன்னா இது, சாப்புடாம போறீங்க? ஒக்காருங்க, ஒக்காருங்க” என்றார். பிறகு மகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, “எல்லாரும் பசியா இருக்காங்கம்மா. எல போடு” என்றார்.

ஒருவரும் உட்காரவில்லை.